கெலெர்ட்: கல்லறையிலிருந்து நாய்க்குப் போன பெயர்

ஒரே பெயர் மனிதர்க்கும் விலங்குக்கும் பொதுவாக வழங்குமாயின் அதனை விரவுப்பெயர் என்பது தமிழ் இலக்கண மரபு. ‘சாத்தன் வந்தான்’ எனின் ஆள், ‘சாத்தன் வந்தது’ எனின் எருது என, வினைமுற்றே திணையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பர் உரையாசிரியர்கள். வினையின் ஈற்றில் திணை காட்டாத மொழிகளுக்கு இந்தக் காவல் கிடையாது. பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியாகிய வேல்ஸ் நாட்டில் வழங்கும் வெல்ஷ் அத்தகைய மொழிகளுள் ஒன்று. அதில் ஒரு பெயரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதற்குரியவர் இருகாலினரா நாற்காலினரா என்று சொல்ல முடியாது. இந்த நெகிழ்ச்சியால்தான் ஒரு துறவியின் பெயர் வேட்டை நாயின் பெயராயிற்று. தம் வளர்ப்பு நாய்க்கு இன்று ‘கெலெர்ட்’ என்று பெயரிடுவோரிற் பலர் அதனைப் பழைய நாய்ப்பெயர் என்றே நம்புகின்றனர். உண்மையில் அவர்கள் இடுவது பழைய மனிதப்பெயர்.

பெத்கெலெர்ட் என்பது வடமேற்கு வேல்ஸில், ஸ்னோடன் மலைப்பகுதியில், கிளாஸ்லின் ஆறும் கோல்வின் ஆறும் கூடுமிடத்தில் உள்ள சிற்றூர். ‘பெத்’ என்பது கல்லறையைக் குறிக்கும் வெல்ஷ் சொல் ஆதலின், ஊர்ப்பெயர் ‘கெலெர்ட்டின் கல்லறை’ எனப் பொருள்படும். இடைக்காலத்தில் அங்கே அகுஸ்தீனியத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. 13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே ஊர்ப்பெயர் காணப்படுகிறது. அப்பெயரில் அடங்கியிருப்பவர் தொடக்ககாலக் கிறித்துவத் துறவியருள் ஒருவர் என்பதே அறிஞர்களின் பொதுக்கருத்து. அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறு எதுவும் எஞ்சவில்லை. ஊர்ப்பெயரே அவருக்குச் சான்றாக நிற்கிறது.

அந்தத் துறவியின் பெயர் முதலில் வல்லொலிக் ககரத்தில், அதாவது ‘கல்’ என்பதில் வரும் ககரத்தில், தொடங்கியது. ஊர்ப்பெயரிலோ அது ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமாக மெலிந்து ஒலிக்கிறது. தமிழ் எழுத்தில் இவ்விரண்டும் ஒரே வடிவம் பெறுவதால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. வெல்ஷில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழ்ப் புணர்ச்சியில் மாற்றம் பெரும்பாலும் இரு சொற்கள் சந்திக்கும் எல்லையில் நிகழ, வெல்ஷில் முன்னே நிற்கும் சொல்லின் தன்மைக்கேற்ப அடுத்த சொல்லின் முதலெழுத்தே வேறாகிவிடுகிறது. மரியாளின் வெல்ஷ் பெயராகிய ‘மைர்’, கோவிலைக் குறிக்கும் ‘லன்’ என்ற சொல்லோடு சேர்ந்து ‘லன்வைர்’ ஆவதும் இவ்விதியால்தான். வேல்ஸில் அப்பெயர் கொண்ட ஊர்கள் பல உள்ளன. ஆகவே ‘கெலெர்ட்’ என்று இன்று வழங்கும் மெலிந்த வடிவம் தனித்து நின்ற பெயரன்று. கல்லறைச் சொல்லுக்குப் பின்னால் நின்றதனால் உருமாறிய வடிவம். நாய்க்கு அப்பெயரைச் சூட்டியவர்கள் அதனை ஊர்ப்பெயரிலிருந்து உருமாற்றத்தோடு அப்படியே பெயர்த்தெடுத்தனர் என்பதற்கு அந்த ஒற்றை முதலொலியே போதிய தடயம்.

இவ்வாறு ஊர்ப்பெயரிலிருந்து ஓர் ஆளைப் பிரித்தெடுப்பது வெல்ஷ் மரபுக்குப் புதிதன்று. ரோமானியர் காலத்தில் ‘மொரிடூனும்’, அதாவது கடற்கோட்டை, எனப்பட்ட இடம் காலப்போக்கில் ‘மர்தின்’ எனத் தேய்ந்தது. அதன் பொருள் மறந்துபோனபின் அதனோடு கோட்டையைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து ‘கயர்வர்தின்’ என்ற ஊர்ப்பெயர் உருவாக, ‘மர்தினின் கோட்டை’ என்று மக்கள் அதற்குப் பொருள் கொண்டனர். ஐரோப்பா முழுவதும் மெர்லின் என்று அறியப்படும் மாயவித்தைக்காரனின் பெயர் இவ்வாறு பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஊர் இருந்தால் அதற்கு உரியவர் ஒருவரும் இருந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே ஒரு மந்திரவாதியைத் தந்தது. பெத்கெலெர்ட்டில் ஒரு நாயைத் தந்தது.

நாய்க்கதையின் சுருக்கம் வருமாறு. 13-ஆம் நூற்றாண்டில் வடவேல்ஸை ஆண்ட பேரரசன் லெவெலின், தன் மாமனாராகிய இங்கிலாந்து மன்னர் ஜான் பரிசளித்த கெலெர்ட் என்ற வேட்டை நாயை வீட்டில் விட்டுவிட்டு வேட்டைக்குச் செல்கிறான். திரும்பி வரும்போது தொட்டில் கவிழ்ந்து கிடக்க, குழந்தையைக் காணாமல், நாயின் வாயில் இரத்தத்தைக் கண்டு அதனை வாளால் குத்திக் கொல்கிறான். பின்னர்த் தொட்டிலின் அடியில் குழந்தை நலமாக இருப்பதையும், அருகே நாய் கொன்றுபோட்ட ஓநாய் கிடப்பதையும் கண்டு கதறி, நாயைச் சிறப்பாக அடக்கம் செய்கிறான். லெவெலின் 1240-இல் இறந்த வரலாற்று மாந்தன். அவன் மனைவி ஜான் மன்னரின் மகள் என்பதும் வரலாறே. நாய்தான் வரலாற்றில் இல்லை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் ‘ஆடு’ என்ற பெயர் கொண்ட விடுதியை நடத்திய டேவிட் ப்ரிட்சர்ட் என்பவர் இக்கதையை ஊரோடு பொருத்தி, ஆற்றங்கரைப் புல்வெளியில் கற்களை நட்டு அதுவே நாயின் கல்லறை என்று பயணிகளுக்குக் காட்டினார் என்ற செய்தியை, அவ்வூரின் வரலாற்றையும் நாட்டார் வழக்குகளையும் தொகுத்து டி. ஈ. ஜென்கின்ஸ் 1899-இல் வெளியிட்ட நூல் பதிவு செய்கிறது. மலைக்காட்சிகளைத் தேடி ஆங்கிலேயப் பயணிகள் வேல்ஸுக்கு வரத்தொடங்கிய காலம் அது. விடுதிக்காரருக்கு விருந்தினர் தேவைப்பட்டனர், விருந்தினருக்கு உருகி நிற்க ஓர் இடம் தேவைப்பட்டது. 1800-ஆம் ஆண்டளவில் வில்லியம் ராபர்ட் ஸ்பென்சர் இக்கதையை ஆங்கிலப் பாடலாக்க, ஹைடன் அதனை ஒரு வெல்ஷ் மெட்டோடு இணைத்து இசையமைக்க, நாயின் புகழ் ஊரின் எல்லையைத் தாண்டியது. ப்ரிட்சர்ட் என்ற குடும்பப்பெயரிலும் ஒரு சொல்வரலாறு ஒளிந்திருக்கிறது: ‘மகன்’ எனப் பொருள்படும் ‘அப்’ என்ற வெல்ஷ் சொல் ‘ரிச்சர்ட்’ என்ற பெயரோடு ஒட்டியபோது அதன் ஈற்றுப் பகரம் மட்டும் எஞ்சிற்று. துறவியின் பெயரை நாய்க்கு மாற்றியவரின் பெயரும் இப்படி ஒட்டி உருமாறிய பெயர்தான்.

கதையோ வேல்ஸில் பிறந்ததன்று. பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை அவசரத்தில் கொன்றுவிடும் தாயின் கதையே இதன் பழைய வடிவம். தமிழுக்கும் அது மிகப் பழைய உறவு: சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரிப்பிள்ளை இறந்த பழியால் கணவன் பிரிந்து செல்லத் தனித்து விடப்பட்ட பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்து உதவிய செய்தியை மாடலன் எடுத்துரைக்கிறான், கீரியை இளங்கோ ‘நகுலம்’ என்ற வடசொல்லாலேயே குறிக்கிறார். பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும் 8-ஆம் நூற்றாண்டில் அரபுக்கும் சென்றது. ஏழு ஞானியர் என்ற கதைத்தொகுதியின் வழியாக மேற்கே பரவியபோது கீரியின் இடத்தை வேட்டை நாய் பிடித்தது, கீரி அங்கே பழக்கமான வளர்ப்புயிர் அன்று ஆதலின். இடைக்கால வெல்ஷ் இலக்கியக் களஞ்சியமாகிய ‘ஹெர்கெஸ்ட்டின் செந்நூலில்’ ஏழு ஞானியர் கதைத்தொகுதியின் வெல்ஷ் வடிவம் உள்ளது. அதனை எழுதியவரின் பெயரும் லெவெலின்தான், ஆனால் இவர் அரசர் அல்லர், பாதிரியார். கெலெர்ட்டின் கதை இந்தியாவிலிருந்து வந்த வழியை ஜோசப் ஜேக்கப்ஸ், 1892-இல் வெளிவந்த தம் கெல்டிய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பின் குறிப்புகளில் விரிவாகக் காட்டினார்.

இந்த நெடும்பயணத்தில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு: கீரிக்கும் பெயரில்லை, இடைக்கால நாய்க்கும் பெயரில்லை. தன் வேட்டை நாயைக் கொன்றவனைப் போல வருந்துவது என்றொரு வெல்ஷ் பழமொழி உள்ளது. அதில் கொன்றவனுக்கும் பெயரில்லை. அறவுரைக்காகச் சொல்லப்படும் கதைக்குப் பெயர் வேண்டாம். கல்லறைக்கோ பெயர் கட்டாயம் வேண்டும். கதையும் கல்லறையும் சந்தித்த இடத்தில், கல்லறையிடம் ஏற்கெனவே இருந்த பெயரைக் கதையின் நாய் வாங்கிக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கம். பிரான்சில் இதற்கு நேர் இணையான நிகழ்ச்சி உண்டு. லியோன் நகருக்கு வடக்கே, 13-ஆம் நூற்றாண்டில் பூர்போனைச் சேர்ந்த எத்தியன் என்ற தொமினிக்கத் துறவி, நோயுற்ற குழந்தைகளைத் தாய்மார் ‘புனித கீன்போர்’ என்பவரின் இடத்துக்கு எடுத்துச் செல்வதைக் கேள்விப்பட்டு விசாரித்தபோது, அந்தப் புனிதர் பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்துத் தவறாகக் கொல்லப்பட்ட நாய் என்று அறிந்து, எலும்புகளைத் தோண்டி எடுத்து எரிக்கச் செய்தார். கீன்போர் என்பது இத்தாலியில் வழிபடப்பட்ட ஒரு மனிதப் புனிதரின் பெயர். வேல்ஸில் புனிதரின் பெயர் நாய்க்கு வர, பிரான்சில் புனிதரின் பெயரோடு அவருக்குரிய வழிபாடும் நாய்க்கு வந்தது.

மனிதப்பெயர் நாய்க்குச் சென்ற இந்த வழியில், எதிர்த்திசைப் போக்குவரத்து அதற்கும் முன்பே நடந்திருக்கிறது. வெல்ஷில் நாய் ‘கீ’, பன்மையில் ‘கூன்’. பழைய பிரித்தானிய மொழியில் நாயைக் குறித்த ‘கூனோ’ என்ற அடி, வீரர்களின் பெயர்களில் அச்சமின்மையையும் விடாப்பிடியையும் காட்டும் சிறப்பாக வந்தது. ரோமானியர் படையெடுப்புக்கு முந்தைய அரசனான கூனொபெலினுஸின் பெயர் ‘பெலெனுஸ் தெய்வத்தின் வேட்டைநாய்’ என்று விளக்கப்படுகிறது. ஷேக்ஸ்பியரின் சிம்பலின் இவனே. 6-ஆம் நூற்றாண்டில் வடவேல்ஸை ஆண்ட மைல்கூனின் பெயர் ‘அரச வேட்டைநாய்’ எனப் பொருள்படும். அவனைக் கடுமையாகச் சாடிய கில்தாஸ் என்ற துறவி, மற்றோர் அரசனைத் திட்டும்போது அவன் பெயரிலிருந்த நாயையே பிடித்துக்கொண்டு சொல் விளையாடினார். நாயின் பெயர் பெருமையா இழிவா என்பது அந்த நூற்றாண்டிலேயே பேசுபவரைப் பொறுத்திருந்தது என்று தெரிகிறது. இன்றும் வேல்ஸில் ஆண்பிள்ளைகளுக்கு இடப்படும் ‘கனன்’ என்ற பெயரின் அடியும் அதே நாய்தான். ஆகவே கனன் என்ற பெயரை ஒருவர் தம் நாய்க்கு இட்டால், சொல்லை அதன் பழைய உரிமையாளரிடம் சேர்ப்பித்தவர் ஆவார்.

இதனினும் சுவையானது கோல்வின். பழைய வெல்ஷில் இது மடியில் வளரும் சிறு நாயையும் நாய்க்குட்டியையும் குறிக்கும் பொதுச்சொல். 10-ஆம் நூற்றாண்டு மன்னர் ஹவல் தாவின் பெயரால் வழங்கும் வெல்ஷ் சட்டத் தொகுப்புகள் ஒவ்வொரு நாய்க்கும் இழப்பீட்டு மதிப்பு வகுத்தபோது, அரசனின் கோல்வினுக்கு ஒரு பவுண்டும் அடிமட்டக் குடியானவனின் கோல்வினுக்கு வெறும் 4 பென்சும் வைத்தன. அக்கணக்கில் ஒரு பவுண்டு 240 பென்சு. நாய் ஒன்றே, மதிப்பு உடையவனைப் பொறுத்தது. அச்சொல் ஆற்றுப்பெயராகவும் ஆண்மகன் பெயராகவும் வழங்குகிறது. பெத்கெலெர்ட்டில் கிளாஸ்லினோடு கூடும் ஆறும் கோல்வினே. இல்லாத நாய்க்குக் கல்லறை எழுந்த ஊரின் வழியே, நாய்க்குட்டியின் பெயர் தாங்கிய ஆறு ஓடுவதை விடுதிக்காரர் பயன்படுத்திக்கொள்ளாதது வியப்பே.

இலக்கியத்தில் வரும் பழைய வெல்ஷ் நாய்களுக்கு மனிதப்பெயர் இல்லை. ஆர்தர் மன்னனின் நாய் ‘கவல்’. 9-ஆம் நூற்றாண்டு இலத்தீன் நூலான ‘பிரிட்டானியர் வரலாறு’, மாயப் பன்றியைத் துரத்தியபோது கவல் பதித்த கால்தடம் ஒரு கல்லில் உள்ளது என்றும், கற்குவியலின் மேலிருந்து அக்கல்லை எடுத்துச் சென்றாலும் அது தானே திரும்பி வந்துவிடும் என்றும் சொல்கிறது. குதிரையைக் குறிக்கும் ‘கபல்லுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பது ஒரு கருத்து. அவ்வாறாயின் அது நாய்க்கு இட்ட குதிரைப்பெயர். பெரிய நாயாக இருந்திருக்கும் போலும்.

மனிதப்பெயர்கள் நாய்களிடம் தங்குதடையின்றிப் புழங்கத் தொடங்கியது மேய்ச்சல் நிலத்தில்தான். பிரித்தானியாவின் முதல் மேய்ப்புநாய்ப் போட்டியாகப் பொதுவாகக் கருதப்படுவது 1873-இல் வடவேல்ஸின் பாலா நகரில், ரிவ்லஸ் நிலக்கிழார் லாயிட் ப்ரைஸ் நடத்தியது. வென்ற நாயின் பெயர் ட்வீட், அது ஸ்காட்லாந்து ஆற்றின் பெயர். மேய்ப்பன் மலைச்சரிவின் மறுபக்கத்திலுள்ள நாயை ஒரே மூச்சில் அழைக்க வேண்டியிருப்பதால் ஓரசை, ஈரசைப் பெயர்களே நிலைத்தன; மோட், பெரோ, நெல், மெக் முதலியன வெல்ஷ் பண்ணைகளில் வழிவழியாக வந்தவை. இவற்றுள் நெல்லும் மெக்கும் முறையே எலெனின், மார்கரெட்டின் வீட்டுச் சுருக்கங்கள். வெல்ஷ் மொழிக்கு இத்தகைய சுருக்கங்கள் ஏராளம்: தாவித் என்பவர் டாய் ஆவார், கிரிஃபித் என்பவர் கூட்டோ ஆவார், இவான் என்பவர் யான்டோ ஆவார், லெவெலின் லெவ் ஆவார், ‘லெவ்’ என்பதற்குச் சிங்கம் என்ற பொருளும் உண்டு. முழுப்பெயர் ஆவணத்துக்கும் சுருக்கம் அடுப்படிக்கும் உரியதாயிருந்த சமூகத்தில், அடுப்படியிற் படுத்திருக்கும் நாய்க்குச் சுருக்கப்பெயர் வந்தது இயல்பே. செல்லப்பிராணிக்கு ‘லெவெலின்’ என்று முழுப்பெயரையே இடுபவர்களின் நோக்கம் வேறு. அவர்கள் இடுவது அழைப்பதற்கான பெயரன்று, அறிமுகப்படுத்துவதற்கான பெயர்.

வெல்ஷ் பெயரையே தன் இனப்பெயராகத் தாங்கும் கோர்கியின் நிலை இதற்கு மாறானது. குள்ளத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்பதும் ‘கீ’ என்பதும் கூடிப் பிறந்தது ‘கோர்கி’. இங்கும் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமே ஒலிக்கும். 1933-இல் பிரித்தானிய அரச குடும்பத்துக்கு வந்த முதல் கோர்கி டூக்கி எனப்பட்டது. இரண்டாம் எலிசபெத் தம் 18-ஆம் பிறந்தநாளில், 1944-இல், பெற்ற கோர்கி சூசன் எனப்பட்டது. நாயினம் வெல்ஷ், பெயர் மனிதப்பெயர், ஆனால் அந்த மனிதப்பெயர் வெல்ஷ் அன்று.

படைப்பிரிவுகளின் ஆடுகள் மொழிப்பற்றில் அரண்மனையை விஞ்சின. வெல்ஷ் படைப்பிரிவுகள் நெடுங்காலமாக ஆடு ஒன்றைப் படைவீரராகவே பதிவு செய்து, தரநிலை கொடுத்து அணிவகுப்பில் நடத்திவருகின்றன. 2006-இல் சைப்ரஸில் அரசியின் பிறந்தநாள் அணிவகுப்பில் ஒழுங்கீனமாக நடந்ததற்காக வில்லியம் வின்ட்சர் என்ற ஆடு பதவியிறக்கம் செய்யப்பட்டுப் பின்னர்ப் பதவி திரும்பப் பெற்றது. ராயல் வெல்ஷ் படைப்பிரிவின் மூன்றாம் பட்டாளத்து ஆடுகள் வழிவழியாக ஷென்கின் எனப்படுகின்றன. அது ஜென்கின் என்ற ஆண்பெயரின் வெல்ஷ் வடிவம். பழைய வெல்ச் படைப்பிரிவின் ஆடுகள் டாஃபி எனப்பட்டன. டாஃபி என்பது தாவித் என்ற பெயரை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்பத் திரித்து, வெல்ஷ்காரர் எவரையும் ஏளனமாகச் சுட்டப் பயன்படுத்திய சொல். வெளியார் தம்மைக் கேலி செய்த பெயரை வெல்ஷ் வீரர்கள் தம் ஆட்டுக்கு இட்டு, வரிசை எண்ணும் கொடுத்து முன்னே நடத்திச் சென்றனர். கேலிக்கு இதைவிடச் செம்மையான மறுமொழி அமைவது அரிது.

ஸ்வான்சீ நகரத்தாருக்கு ‘ஜாக்’ என்ற பட்டப்பெயர் உண்டு. 1930-களில் அந்நகரத் துறைமுகப் பகுதியில் 27 பேரை நீரிலிருந்து மீட்டதாகப் புகழ்பெற்று 1937-இல் இறந்த கருநிற நாயின் பெயர் ‘ஸ்வான்சீ ஜாக்’. நகரத்தாரின் பட்டப்பெயர் அந்த நாயிடமிருந்து வந்தது என்று பலர் சொல்வதுண்டு. அந்நகரத்து மாலுமிகளுக்கு அப்பெயர் நாய்க்கு முன்பே வழங்கியது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பெத்கெலெர்ட்டில் மனிதரை மறந்து நாயை நினைத்ததுபோல, இங்கும் நாயே பெயருக்கு முதலாகக் கருதப்பட்டது.

லெவெலினின் பெயருக்கும் இறுதியில் இதே நிலை வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பர்செல் லெவெலின் என்பவர் பறவை வேட்டைக்கான செட்டர் நாய்களைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்ய, அவ்வழி நாய்கள் அவருடைய குடும்பப்பெயரால் ‘லெவெலின் செட்டர்’ எனப்பட்டு, வட அமெரிக்காவில் இன்றும் தனி வழியாகப் பதிவு செய்யப்படுகின்றன. கதையில் நாயைக் கொன்ற அரசனின் பெயர் ஒரு நாய்வழி முழுவதுக்கும் உரியதாகிவிட்டது. ஆனால் அவர் தம் பெயரை எழுதிய முறையில் லகரத்துக்குரிய இரட்டை எழுத்து இடையிலும் வருகிறது. வெல்ஷில் அந்த இரட்டை எழுத்து, நாக்கை லகரத்துக்கு வைத்து மூச்சை மட்டும் விடும் தனி ஒலியைக் குறிக்கும்; அரசனின் பெயரில் அது முதலில் மட்டுமே உண்டு, இடையில் வருவது சாதாரண லகரம். வெல்ஷ் தெரிந்தவர் அந்த நாயினத்தின் பெயரை எழுதியபடியே படித்தால், அரசனின் பெயருக்கு உரியதல்லாத ஓர் ஒலியை அதில் சேர்த்தாக வேண்டும்.